போட்டிக்கு ஒரு நோட்டு. அன்றாடத்துக்கு ஒரு நோட்டு!

மொட்டை மாடியில் ஒரு நீளக் கம்பி. கீழே அறையில் ஒரு சின்ன ரேடியோ பெட்டி. இவை இரண்டும் இருந்தால் போதும். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானுடன் பேசலாம். ரஷ்யாவுடன் பேசலாம். ஆப்பிரிக்காவுடனும் பேசலாம்.

டெலிபோன் கம்பி வேண்டாம். செல்போன் கோபுரம் வேண்டாம். இன்டர்நெட்டும் வேண்டாம்.

இதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். காசுக்காக அல்ல, ஆசைக்காகச் செய்வது.

ஆனால், நினைத்தவுடன் பேசிவிட முடியாது. அதற்கு மத்திய அரசின் பரீட்சை இருக்கிறது. 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் எழுதலாம். தேறினால் லைசென்ஸ் கிடைக்கும். அத்துடன் ஓர் அழைப்புக் குறியும் கிடைக்கும். நம் நாட்டவரின் குறி பெரும்பாலும் "வி.யு.2" அல்லது "வி.யு.3" என்று தொடங்கும். ஒருவருக்குக் கொடுத்த குறி உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

பேசினால் மட்டும் போதாது. பேசியதை எழுதி வைக்கவும் வேண்டும். அமெச்சூர் சேவைக்கு மத்திய அரசு 1978-ல் விதிகள் செய்தது. பதிவேடு வைக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின.

இந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இப்போது ஒரு வழக்கு. நீதிமன்ற வழக்கு அல்ல. ஹாம் நண்பர்களுக்குள் நடக்கும் வழக்கு!

"போட்டிக்கு ஒரு நோட்டு, தினசரிக்கு ஒரு நோட்டு என்று இரண்டு வைக்கலாமா? அல்லது எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதலாமா?" என்பதே கேள்வி.

இரண்டு நோட்டு வேண்டும் என்பது எனது கருத்து. அதுவும் காரைக்கால் போன்ற கடற்கரை ஊரில் கட்டாயம் வேண்டும். ஏன் என்று சொல்லுகிறேன்.

நோட்டில் என்ன இருக்கும்?

முதலில் நோட்டைப் பார்ப்போம்.

யாருடன் பேசினோம்? எந்தத் தேதி? எத்தனை மணி? எந்த அலைவரிசை? அவர் குரல் நமக்கு எப்படிக் கேட்டது? நம் குரல் அவருக்கு எப்படிக் கேட்டது? இவ்வளவும் எழுத வேண்டும்.

மணி விஷயத்தில் ஒரு கவனம் தேவை. ஹாம் உலகம் முழுவதும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கிறது. அதற்கு உலக நேரம் என்று பெயர். நம் கடிகாரம் அதைவிட 5½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காரைக்காலில் திங்கட்கிழமை காலை 5 மணி என்றால், உலக நேரப்படி இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு 11.30 மணிதான். தேதியே மாறிவிடுகிறது!

முன்பெல்லாம் இதைப் பேனாவால் எழுதினார்கள். இப்போது பெரும்பாலோர் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். அதற்கென்று தனி சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே, இரண்டு நோட்டு என்றால் இந்தக் காலத்தில் இரண்டு சாப்ட்வேர் என்று பொருள்.

48 மணி நேர ஓட்டம்

அடுத்து, போட்டி என்றால் என்ன?

கால்பந்துக்குப் போட்டி உண்டு. கபடிக்குப் போட்டி உண்டு. ரேடியோவுக்கும் போட்டி உண்டு. குறித்த நேரத்துக்குள் யார் அதிகம் பேருடன், அதிக நாடுகளுடன் தொடர்பு கொள்கிறார் என்பதே போட்டி.

அவற்றுள் புகழ் பெற்றது "சி.க்யூ. வேர்ல்டு வைடு" என்ற போட்டி. அக்டோபர் மாதத்தின் கடைசி முழு சனி, ஞாயிறு நாட்களில் குரல் போட்டி நடக்கும். நவம்பர் மாதத்தின் கடைசி முழு சனி, ஞாயிறு நாட்களில் மோர்ஸ் தந்திப் போட்டி நடக்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரம். நம் ஊர்க் கணக்கில் சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கி, திங்கட்கிழமை காலை 5.30 மணிக்கு முடியும்.

இந்தப் போட்டிக்காக உலகத்தை 40 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வட்டாரம் 22. ஒருவர் தம் குறியைச் சொல்லுவார். மற்றவர் "59, 22" என்பார். பதிலுக்கு அவரும் தம் எண்ணைச் சொல்லுவார். "நன்றி" என்று முடித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

பெயர் கேட்க நேரமில்லை. ஊர் கேட்க நேரமில்லை. சில விநாடிகளில் ஒரு தொடர்பு முடிந்துவிடும். பெரிய நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் நூறு பேருக்கு மேல் முடித்துவிடும்!

இந்த வேகத்தில் எழுத வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற சாப்ட்வேர் வேண்டும். "என்.1.எம்.எம். லாகர் பிளஸ்" என்பது அப்படிப்பட்ட ஒன்று. இலவசம். திரையில் ஒரு சிறு கட்டம். குறியைத் தட்டு, பொத்தானை அழுத்து, எண்ணைத் தட்டு, பொத்தானை அழுத்து. முடிந்தது வேலை.

போட்டியில் ஒரே அலைவரிசையில் ஒருவரோடு இரண்டாம் முறை பேசினால் மதிப்பெண் கிடையாது. "இவருடன் முன்பே பேசியாகிவிட்டது" என்று சாப்ட்வேர் எச்சரிக்கும். எத்தனை நாடு, எத்தனை வட்டாரம், எத்தனை மதிப்பெண் என்று அதுவே கூட்டியும் சொல்லும். போட்டி முடிந்து 5 நாட்களுக்குள் கணக்கை அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கான படிவத்தையும் அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும்.

திருவிழாக் கடையும் ஊர்க் கடையும்

அப்படியானால் இந்த ஒரு சாப்ட்வேரே போதுமே! எதற்கு இன்னொன்று?

காரைக்கால்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. சாமி ஊர்வலத்தின்போது மாடிகளில் இருந்து மாங்கனிகளை வீசுகிறார்கள். காரைக்கால் அம்மையாரின் ஊரில் அன்று ஊர் கொள்ளாத கூட்டம்.

அன்றைக்கு ஒரு வியாபாரி கோவில் அருகே தற்காலிகக் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் எப்படிக் கணக்கு எழுதுவார்? "இத்தனை உருப்படி, இத்தனை ரூபாய்" என்று கிறுக்குவார். வாங்கியவர் யார் என்று எழுதுவாரா? அவர் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று விசாரிப்பாரா? பின்னால் நூறு பேர் நிற்கிறார்களே!

ஆனால், கடைத்தெருவில் இருக்கும் அவருடைய சொந்தக் கடையில் கதை வேறு. அங்கே பேரேடு இருக்கிறது. யார் வந்தார், என்ன வாங்கினார், பாக்கி எவ்வளவு, எப்போது கொடுப்பார் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பேரேட்டை வைத்துத்தான் அவர் ஆண்டு முழுவதும் தொழில் நடத்துகிறார்.

திருவிழாக் கணக்கைப் பேரேடு போல எழுதினால் வியாபாரம் கெடும். பேரேட்டைத் திருவிழாக் கணக்கு போல எழுதினால் கடையே கெடும்!

ரேடியோவிலும் அப்படித்தான்.

தினசரிப் பேச்சில் அவசரம் இல்லை. நண்பரின் பெயர், ஊர், அவர் கட்டியிருக்கும் ஏரியல், அங்கே மழையா வெயிலா, அவருக்குத் தபாலில் அட்டை அனுப்பியாயிற்றா, அவர் அட்டை வந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் எழுதலாம். இதற்கு ஏற்ற சாப்ட்வேர்களும் இருக்கின்றன. "லாக்4 ஓ.எம்.", "டி.எக்ஸ். லேப்" முதலியவை இலவசமாகக் கிடைக்கின்றன. லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு "சி.க்யூ.ஆர்.லாக்" உண்டு. நண்பரின் குறியைத் தட்டியவுடன், அவருடன் முன்பு பேசியது அத்தனையும் திரையில் வந்து நிற்கும்.

பழைய நண்பர் தினமும் காலையில் கூப்பிடுகிறார். "இவருடன் முன்பே பேசியாகிவிட்டது" என்று அவரை ஒதுக்குவோமா? மாட்டோம். "நேற்று முதுகுவலி என்றீர்களே, இன்று எப்படி?" என்று கேட்போம். போட்டியில் தள்ள வேண்டியதுதான் தினசரிப் பேச்சில் கொள்ள வேண்டியது. இரண்டுக்கும் குணமே வேறு.

பொய் சொல்லும் "59"

இன்னொரு முக்கியமான விஷயம்.

"59" என்றால் "தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது" என்று பொருள். தினசரிப் பேச்சில் யோசித்துத்தான் இதைச் சொல்லுவார்கள். குரல் மங்கலாக இருந்தால் "43" என்பார்கள், "55" என்பார்கள்.

போட்டியில் எல்லோருமே "59"தான்! குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டாலும் "59". மூன்று முறை "திரும்பச் சொல்லுங்கள்" என்று கெஞ்சிய பிறகும் "59". அவசரத்துக்காக ஏற்பட்ட வழக்கம் அது. போட்டி சாப்ட்வேர் அந்த எண்ணைத் தானாகவே எழுதிவிடும்.

போட்டி நோட்டில் ஆயிரம் தொடர்பு இருந்தாலும், உண்மையில் யார் எப்படிக் கேட்டார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சி.க்யூ. போட்டியில் வேறு கண்டத்துடன் பேசினால் 3 மதிப்பெண். அதே கண்டத்தில் வேறு நாட்டுடன் பேசினால் 1 மதிப்பெண். சொந்த நாட்டுக்காரருடன் பேசினால்? பூஜ்யம்! நாட்டுக் கணக்கிலும் வட்டாரக் கணக்கிலும் முதல் முறை சேருமே தவிர, அந்தப் பேச்சுக்கு என்று மதிப்பெண் இல்லை.

ஆகவே, போட்டிக்காரர் ஜப்பானைத் தேடுவார், ஜெர்மனியைத் தேடுவார். சென்னையைத் தேட மாட்டார். அதில் தவறில்லை. ஆட்டத்தின் விதி அது. ஆனால், அவருடைய போட்டி நோட்டில் சென்னையும் புதுச்சேரியும் மதுரையும் அபூர்வமாகவே இருக்கும்.

இது ஏன் முக்கியம்? மேலே படியுங்கள்.

போட்டிக் காலமே புயல் காலம்!

அக்டோபர் கடைசி; நவம்பர் கடைசி. போட்டி நடக்கும் நாட்கள் இவை. காரைக்கால் கடற்கரையில் இவை என்ன நாட்கள்? ஐப்பசியும் கார்த்திகையும்! வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்கள். புயல் சின்னம் எங்கே என்று மீனவர்கள் வானத்தைப் பார்க்கும் நாட்கள்.

2008-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி "நிஷா" புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. இரண்டே நாள் கழித்து, 29-ந் தேதி சி.க்யூ. தந்திப் போட்டி! 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை "கஜா" புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. அடுத்த வாரம் 24-ந் தேதி போட்டி!

புயலில் மின்சாரம் போகும். செல்போன் கோபுரம் ஊமையாகும். அப்போது ஒரு பேட்டரியும் ஒரு கம்பியும் வைத்திருக்கும் ஹாம் நண்பர் ஊருக்கு உதவ முடியும். ஆனால், அவர் எந்த ஊரைக் கூப்பிட வேண்டும்? ஜெர்மனியையா? அல்ல. சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கும் சென்னையை! புதுச்சேரியை! திருச்சியை!

எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் சென்னை கிடைக்கும் என்பது வேளைக்கு வேளை மாறும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தில் மோதிப் பக்கத்து மாவட்டங்களில் இறங்கும். இருட்டிய பிறகு அதே அலை நம் தலைக்கு மேல் தாண்டி, வெகுதூரம் போய் விழும். பக்கத்து ஊருக்குக் கேட்காது. அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி வர வேண்டும்.

இது பொதுவான விதி. நம் வீட்டு ஏரியலுக்கு எத்தனை மணிக்கு எந்த அலை ஒத்துவரும் என்பதை எங்கே பார்ப்பது? தினசரி நோட்டில்தான். "கார்த்திகை மாதம், மாலை 6 மணி, சென்னை நண்பர் 57. இரவு 8 மணி, கேட்கவே இல்லை" என்று எழுதி வைத்தவர், புயல் இரவில் வீணாகத் தடவிக்கொண்டு இருக்க மாட்டார்.

போட்டி நோட்டு இதைச் சொல்லாது. சொல்லவும் அதற்குத் தெரியாது.

அந்தமானில் நடந்தது

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த குழு ஒன்று அந்தமானுக்குச் சென்றது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. பல ஆண்டுகளாக அந்தமானில் இருந்து ஹாம் ஒலிபரப்பு இல்லை. ஆகவே, போர்ட் பிளேரில் இருந்து அவர்கள் பேசத் தொடங்கியதும், அந்தமானை எட்டிப்பிடிக்க உலகமே முண்டியடித்தது. போட்டியில் வரும் அதே வேகம். அழைப்புக் குறி, எண், அடுத்தவர்! ஆயிரக்கணக்கான தொடர்புகள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது. அதே காலையில் காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் சூறையாடிய அதே சுனாமி. அந்தமானில் தொலைபேசிகள் ஊமையாயின.

அந்தக் குழு ஒரே நொடியில் ஆட்டத்தை நிறுத்தியது. அதே ரேடியோவில், "இன்னார் உயிரோடு இருக்கிறார், அவர் வீட்டுக்குச் சொல்லுங்கள்" என்று செய்திகளை அனுப்பத் தொடங்கியது.

அந்த வேலைக்கு "59" உதவுமா? உதவாது. யாருக்குச் செய்தி, யாரிடமிருந்து, என்ன செய்தி, யார் வாங்கிக்கொண்டார், எத்தனை மணிக்கு என்று ஒரு எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். ஒரு பெயர் தவறினால் ஒரு குடும்பம் அழும். போட்டி சாப்ட்வேரின் சிறு கட்டத்துக்குள் இது அடங்காது.

"ஒன்றே போதும்" என்பவர்களுக்கு

"இரண்டு சாப்ட்வேர் என்றால் இரண்டு மடங்கு படிப்பு, இரண்டு மடங்கு தொல்லை" என்று சிலர் சொல்லுகிறார்கள். போட்டி சாப்ட்வேரிலேயே தினசரிப் பேச்சையும் பதியலாம். தினசரி சாப்ட்வேர் சிலவற்றில் போட்டிக்கும் இடம் உண்டு. அது உண்மை. ஆண்டுக்கு ஒரு முறை, பொழுதுபோக்காகப் பத்துப் பேருடன் பேசுகிறவருக்கு ஒன்றே போதும். மறுக்கவில்லை.

ஆனால், ஒரு போட்டியில் நூற்றுக்கணக்கில் பேசுகிறவருக்கு அது சரிப்படாது. அவர் மெல்ல மெல்லப் போட்டி சாப்ட்வேரிலேயே குடியேறிவிடுவார். அதில் பெயர் எழுதச் சோம்பல் வரும். "59" என்று அதுவே எழுதிவிடும், அவரும் விட்டுவிடுவார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், நோட்டில் எண்கள் இருக்கும்; மனிதர்கள் இருக்க மாட்டார்கள்.

"இரண்டு நோட்டு வைத்தால் பாதி அங்கே, பாதி இங்கே என்று சிதறிவிடும்" என்பது இன்னொரு வாதம். இது நியாயமான பயம். சொத்துப் பத்திரத்தை இரண்டு பெட்டியில் வைத்துவிட்டுத் தேடுவது போல ஆகிவிடும்.

அதற்கும் வழி இருக்கிறது. திருவிழா முடிந்ததும் வியாபாரி என்ன செய்கிறார்? அன்றைய கணக்கைப் பேரேட்டில் ஏற்றிவிடுகிறார் அல்லவா? அதையே செய்ய வேண்டும். "அடிஃப்" என்று ஒரு பொது அமைப்பு இருக்கிறது. அநேகமாக எல்லா சாப்ட்வேர்களுக்கும் அந்த மொழி தெரியும். போட்டி முடிந்ததும், போட்டிக் கணக்கை அடிஃப் கோப்பாக எடுத்து, தினசரி நோட்டில் சேர்த்துவிடலாம். சில நிமிட வேலை.

எழுதுவது இரண்டு இடத்தில்; சேர்வது ஓர் இடத்தில். பேரேடு என்றைக்கும் ஒன்றே ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

புதிதாக லைசென்ஸ் எடுக்கும் தம்பிகளும் தங்கைகளும் இவற்றைக் கடைப்பிடித்தால் நல்லது.

முதலாவது: கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரி பாருங்கள். நோட்டில் உலக நேரமே விழட்டும். "லாக்புக் ஆப் தி வேர்ல்டு" என்ற இன்டர்நெட் பதிவேடு 2003 முதல் நடக்கிறது. பேசிய இருவரும் அதில் தம் கணக்கை ஏற்ற வேண்டும். இருவர் நேரமும் அரை மணிக்குள் ஒத்திருந்தால்தான் அது தொடர்பை ஏற்கும். இந்திய நேரத்தை எழுதிவிட்டால் 5½ மணி வித்தியாசம். ஒன்றுகூட ஒத்துவராது!

இரண்டாவது: இரண்டு சாப்ட்வேரையும் ஒரே சமயத்தில் ரேடியோவுடன் இணைக்காதீர்கள். ஒரே கயிற்றை இருவர் இழுப்பது போல ஆகும். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறவுங்கள்.

மூன்றாவது: போட்டிக் கணக்கை நடத்துகிறவர்களுக்கு அனுப்பிய கையோடு தினசரி நோட்டிலும் சேருங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றால் அடுத்த தீபாவளிதான். ஒரு முறைதான் சேர்க்க வேண்டும்; இரு முறை சேர்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகிவிடும். எந்தப் போட்டி என்று குறிப்பும் எழுதுங்கள். அப்போதுதான் அந்த "59" போட்டி "59" என்பது பின்னால் தெரியும்.

நான்காவது: ஒரு பிரதி எடுத்து, பென் டிரைவில் போட்டு, வேறு இடத்தில் வையுங்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கம்ப்யூட்டருக்கு ஆயுள் கெட்டியல்ல.

ஐந்தாவது: ஒரு தடித்த நோட்டும் இரண்டு பென்சிலும் ரேடியோவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். புயல் இரவில் கம்ப்யூட்டர் ஓடாது. பேட்டரி ரேடியோவுக்கே வேண்டும். அன்றைக்குப் பென்சில்தான் சாப்ட்வேர்!

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி காதைத் தீட்டுகிறது. கையை வேகமாக்குகிறது. 48 மணி நேரம் விழித்திருந்து பழகியவர், புயல் இரவிலும் விழித்திருப்பார். ஆனால், போட்டி ஆண்டில் சில நாட்கள். மற்ற நாட்களில் தினமும் பத்து நிமிடம் சென்னையுடனும் புதுச்சேரியுடனும் பேசி, கேட்டதைக் கேட்டபடி எழுதி வைப்பவரே ஊருக்குப் பயன்படுவார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை மாடியில் கம்பி கட்டினால் கோபிக்காதீர்கள். "இன்று சென்னை எப்படிக் கேட்டது? எழுதினாயா?" என்று மட்டும் தினமும் கேளுங்கள். அடுத்த ஐப்பசி வருவதற்குள் அந்த நோட்டு நிறைந்திருக்க வேண்டும்.